அந்த ஒற்றை ஒயரை வெட்டாதீர்கள்: பழைய மசில் கார் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் செவெல், கமாரோ, ஜிடிஓ என்று பெரிய எஞ்சின் வைத்த பழைய மசில் கார்களை வாங்கி, சனி ஞாயிறு முழுக்க பானெட்டுக்குள் தலையை விட்டிருக்கும் தமிழ் நண்பர்களுக்கும், அந்த வண்டிகளை நமக்கு விற்கிறவர்களுக்கும், காற்றும் பெட்ரோலும் கலக்கும் கார்பரேட்டரைப் பிரித்துச் சரிசெய்து தருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

1970-களின் தொடக்கத்தில் வந்த வி8 (எட்டு சிலிண்டர்) வண்டி ஒன்று விற்பனைக்கு வந்தால், கார்பரேட்டரின் பக்கவாட்டைப் பாருங்கள். பல வண்டிகளில் ஒரு ஒயர் கறுப்பு டேப் சுற்றி எங்கோ செருகப்பட்டிருக்கும். அது போய்ச் சேர வேண்டிய ஐடில் சொலினாய்டு, அதாவது கரன்ட் வந்தால் தண்டை நீட்டும் சின்ன மின்காந்தம், இருக்காது. இருந்தாலும் வெறும் அலங்காரம்தான். கேட்டால், “அது புகைச் சட்டத்துக்காக வைத்த சாமான், தேவையில்லை” என்பார்கள். வாங்கியவர் கொஞ்ச நாளில் புலம்ப ஆரம்பிப்பார்: சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் எஞ்சின் நிற்காமல் குலுங்கிக் குலுங்கி ஓடுகிறதாம்.

புகைச் சட்டத்துக்காக வந்தது என்பது உண்மைதான். தேவையில்லை என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1968-இல் அமெரிக்கா முழுவதற்கும் புகைக் கட்டுப்பாடு வந்தது, 1970-இன் தூய காற்றுச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. கம்பெனிகள் பெட்ரோல் கலவையை மெலிதாக்கின, ஐடிலில் (வண்டி நிற்கையில் எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில்) டைமிங்கை, அதாவது பிளக் தீ மூட்டும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளின. அப்படிச் செய்தால் எஞ்சினுக்குத் தெம்பு குறையும். அதனால் ஐடிலிலேயே த்ராட்டிலை (எஞ்சினுக்குள் காற்று போகும் கதவை) கூடுதலாகத் திறந்து வைக்க வேண்டியதாயிற்று. சாவியை அணைத்தாலும் அந்தத் திறப்பு வழியாகக் காற்றும் பெட்ரோலும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் கரி, பிளக் இல்லாமலே தீ மூட்டிவிடும். இதைத்தான் டீசலிங் என்கிறார்கள்.

சொலினாய்டின் வேலை சின்னது. சாவி ஆனில் இருக்கும்போது அதன் தண்டு வெளியே நீண்டு, த்ராட்டில் லீவரை ஐடில் நிலையில் தாங்கி நிற்கும். சாவியை அணைத்ததும் தண்டு உள்ளே போகும், த்ராட்டில் இன்னும் மூடும், எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிடும். அந்தக் காலக் கையேடுகளில் மேனுவல் கியர் செவ்ரலே 350 எஞ்சினுக்கு ஐடில் வேகம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 900/450 என்று இரண்டு எண்ணாக இருப்பது இதனால்தான். பெரிய எண்ணை சொலினாய்டின் தண்டைத் திருகி வைக்க வேண்டும். சின்ன எண்ணை சொலினாய்டின் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டரின் சொந்த ஸ்க்ரூவில் வைக்க வேண்டும். கார்பரேட்டர் ஸ்க்ரூவிலேயே 900 வைத்துவிட்டால் சொலினாய்டு இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

இப்போது ஒயரிங். “சொலினாய்டு செத்துவிட்டது” என்று தூக்கி எறியப்படுகிறவற்றில் பல சாகவே இல்லை. சாவியை ஆன் செய்து, தண்டு நீளவில்லை என்றதும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். த்ராட்டில் ஸ்ப்ரிங்கை எதிர்த்துத் தள்ளும் பலம் அந்தத் தண்டுக்குக் கிடையாது. நீண்ட பிறகு பிடித்து வைத்துக்கொள்ள மட்டுமே தெரியும். சாவியை ஆனில் வைத்து, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து விடுங்கள். லீவர் விலகியதும் தண்டு வெளியே வந்து நின்றால் அது நல்ல சொலினாய்டு. எஞ்சின் ஓடாத நிலையிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

தண்டு வரவே இல்லையென்றால் மல்டிமீட்டரை எடுங்கள். கனெக்டரைக் கழற்றி வைத்து அளக்காதீர்கள். மாட்டிய நிலையில் பின்புறமாக முனையை நுழைத்து அளங்கள். உள்ளே துருப்பிடித்த கனெக்டரும் சுமை இல்லாதபோது பேட்டரி வோல்ட்டை அப்படியே காட்டும். சுமை ஏறியதும்தான் சாயம் வெளுக்கும். அப்புறம் எர்த். பெரும்பாலான ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) சொலினாய்டுகளுக்கு ஒயர் ஒன்றுதான், திரும்பும் வழி அதன் பிராக்கெட்டும் கார்பரேட்டர் உடம்பும். ரீஸ்டோர் செய்கிறேன் என்று பிராக்கெட்டுக்குப் பவுடர் கோட்டிங் அடித்துப் பளபளவென்று மாட்டுகிறார்கள். அழகுதான், ஆனால் எர்த் போயிற்று. சாவி ஆனில் இருக்கும்போது சொலினாய்டின் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒயரை விட்டுவிட்டு போல்ட் உட்காரும் இடத்தைச் சுரண்டுங்கள்.

கரன்ட்டை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் எனக்குப் பெரிய மனக்குறை. பக்கத்திலேயே இருக்கிறதே என்று இக்னிஷன் காயிலின் (பிளக்குக்கு ஸ்பார்க் தரும் சுருளின்) பிளஸ்ஸிலிருந்து இழுத்துவிடுகிறார்கள். பாயின்ட் (காயிலின் கரன்ட்டை வெட்டி இணைக்கும் சுவிட்ச்) வைத்த ஜிஎம் வண்டியில் காயிலுக்குப் போவது வோல்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டன்ஸ் ஒயர். எஞ்சின் ஓடும்போது அங்கே 12 வோல்ட் இருக்காது. இதில் ஏமாறவும் வாய்ப்பு உண்டு. எஞ்சின் நிற்கும்போது பாயின்ட் திறந்த நிலையில் இருந்தால், காயிலில் கரன்ட் ஓடாது. மீட்டர் முழு 12-ஐக் காட்டும். அதை நம்பி சொலினாய்டை மாட்டினால், அது தன் பங்குக்கு அந்த ரெசிஸ்டன்ஸ் வழியாகவே இழுத்து, காயிலுக்கு வருவதையும் குறைத்துவிடும். சொலினாய்டும் சரியாகப் பிடிக்காது, ஸ்பார்க்கும் சோனி. சாவி ரன் நிலையில் மட்டும் முழு வோல்ட் தரும், ஃபியூஸ் உள்ள இணைப்புதான் வேண்டும். பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால் தண்டு எப்போதும் நீண்டே இருக்கும். டீசலிங் போகாது, காலையில் பேட்டரியும் படுத்திருக்கும். நிறத்தைப் பார்த்து ஒயரை நம்ப வேண்டாம். ஐம்பது வருஷத்தில் எத்தனை கை பட்டதோ!

அணைத்த பிறகும் ஓடுவதெல்லாம் டீசலிங் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குலுங்கி, தட்டி, தாறுமாறாக ஓடினால் டீசலிங். சாவி அணைத்ததே தெரியாத மாதிரி சீராக ஓடினால் இக்னிஷனுக்கு எங்கிருந்தோ கரன்ட் திரும்பி வருகிறது. புது ஆல்டர்னேட்டர் மாற்றி, சார்ஜ் விளக்கு ஒயரை டயோடோ பல்போ இல்லாமல் நேராகக் கொடுத்த வண்டிகளில் இது சகஜம். அதற்கு சொலினாய்டைத் திட்டிப் பயனில்லை.

கார்பரேட்டர் கட்டித் தருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. சொலினாய்டு மாதிரித் தெரிவதெல்லாம் ஒரே வேலை செய்வதில்லை. சிலவற்றுக்கு ஏசி ஓடும்போது மட்டும்தான் கரன்ட் வர வேண்டும். அதை சாவியோடு இணைத்தால் ஐடில் இறங்கவே இறங்காது. 1971 செவ்ரலே வண்டிகளில் இருக்கும் சிஇசி (புகைக் கட்டுப்பாட்டு) வால்வு இன்னும் மோசம். பார்க்க ஐடில் சொலினாய்டு போலவே இருக்கும், ஆனால் மேல் கியர்களில்தான் வேலை செய்யும். அதைத் திருகி ஐடில் வைத்தால், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் த்ராட்டில் மூடாமல் எஞ்சின் பிரேக்கிங் குறையும். பெட்டிக்குள் “இது எந்த வகை, கரன்ட் எப்போது வர வேண்டும்” என்று இரண்டு வரி எழுதி வைத்தால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?

சரி, டைமிங்கை மாற்றி, த்ராட்டிலை அதிகம் திறக்காமலே ஐடில் நிற்கும்படி செய்தவர்கள் சொலினாய்டைக் கழற்றுவதில் எனக்குச் சண்டை இல்லை. கழற்றுங்கள். ஆனால் ஒயரை வெட்டாமல் கனெக்டரோடு மூடிக் கட்டுங்கள். சாவி ஆனில் அதன் முனையில் கரன்ட் இருக்கும், எஞ்சினின் உலோகத்தில் உரசினால் ஃபியூஸ் போகும். கழற்றிய சொலினாய்டையும் பிராக்கெட்டையும் ஒரு கவரில் போட்டு, வண்டியை விற்கும்போது சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே கை கறுத்த ஒருவன்