தவாங் கர்னலுக்கு

அன்புள்ள முத்து,

உன் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து இது ஒரே பதில். திட்டாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் தவிர.

அருணாசலப் பிரதேசத்துத் தவாங்கில் அந்த மத்திய அரசுப் பதவி உனக்குத்தான் என்று சேகர் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். இப்போதே உனக்கு பாப் காத்திங் என்று பெயர் வைத்தாயிற்று. அந்த மேஜர் 1951 பிப்ரவரியில் 200 அசாம் ரைபிள்ஸ்காரர்களோடு மலையேறி, தவாங்கை இந்திய நிர்வாகத்தின்கீழ் கொண்டுவரப் போனவர். நீ சேலா சுரங்கப்பாதையில் ஹீட்டர் போட்ட ஜீப்பில் போவாய்! போ. ஆனால் அதற்குமுன் இதைப் படி.

ஓய்வுக்கு ஒரு வருஷத்துக்குள் இருக்கும் ராணுவத்தினர்தான் விண்ணப்பிக்கலாம் என்று நியமன விதியில் இருந்ததால், யூனிபார்மைக் கழற்றுமுன்பே உன்னை விரட்டி விண்ணப்பம் போடவைத்தேன். அதனால் விண்ணப்பம் பிழைத்தது. ஆனால் ஆணை வருவதற்குள் உனக்கு 54 முடிந்து ஓய்வும் ஆகிவிட்டதே. ஆகவே ராணுவத்தில் இருந்தபடியே போகும் டெபுடேஷன் கிடையாது, ஓய்வு பெற்றவனாகச் சேரும் மறுநியமனம். வில்லங்கம் அங்கேதான்.

கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் உன்னை உட்காரவைப்பார்கள். பிறகு அதிலிருந்து ஓய்வூதியத்தைக் கழிப்பார்கள். 55 வயதுக்குமுன் ஓய்வு பெற்ற அதிகாரிக்கு 15,000 ரூபாய்தான் விலக்கு. ஜவானுக்கும் சுபேதார் போன்ற ஜேசிஓவுக்கும் முழு ஓய்வூதியமும் விலக்கு. உன் பழைய சுபேதார் கொடுத்துவைத்தவர்.

உன் ஓய்வூதியம் 90,000 என்று வைத்துக்கொள். பாதியைக் கம்யூட் செய்து மொத்தமாக வாங்கிவிட்டாய், மாதாமாதம் கைக்கு வருவது 45,000. ஆனால் கணக்குக்கு எடுப்பது கம்யூட் செய்யுமுன் இருந்த 90,000! 15,000 போனால் 75,000. வருவது 45, கழிவது 75. எனக்கே வயிறு எரிகிறது.

இதில் ஒரு ஓட்டை உண்டு. சம்பளத்தோடு வந்த ராணுவச் சேவை ஊதியம் 15,500 அல்லவா, ஓய்வூதியம் சம்பளத்தில் பாதி என்பதால் அதில் பாதி, 7,750, உன் ஓய்வூதியத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதைக் கழிக்கக் கூடாது என்று 2010லேயே உத்தரவு வந்துவிட்டது. ஆக 67,250தான் கழிக்கவேண்டும். கணக்குப் பிரிவில் பாதிப் பேர் இதை மறந்துவிடுவார்கள். ஓய்வூதிய ஆணையில் அந்தத் தொகை தனியாகத் தெரியாது, அதனால் நீயே ஒரு தாளில் கணக்குப் போட்டு, கடைசிச் சம்பளச் சான்றோடு சேர்த்துப் பணியேற்கும் அன்றே கொடுத்துவிடு. பின்னால் திருத்துவது பெரும்பாடு.

டிஏ என்ற அகவிலைப்படி, கழிப்பதற்கு முந்தைய சம்பளத்துக்கே வரும். ஓய்வூதியத்தின் அகவிலை நிவாரணம் மட்டும் நின்றுபோகும். ராணுவ ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷில் மறுநியமனத்தை நீதான் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காமல் விட்டால் நிவாரணம் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும், செலவும் ஆகிவிடும், பிறகு ஒருநாள் மொத்தமாகப் பிடிப்பார்கள்.

இத்தனைக்கும் பிறகு போவாயா என்று கேட்டால் போவாய் என்று தெரியும். 10,000 அடி உயரம், உனக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டரைப் பார்த்தாயா? ராஜியிடம் சொல்லிவிட்டாயா, அல்லது வழக்கம்போல் சேகர் வாயால்தான் அவளுக்குத் தெரியவேண்டுமா?

ஓய்வூதிய ஆணையின் நகலை உடனே அனுப்பு. அந்தக் கணக்குத் தாளை நானே எழுதித் தருகிறேன்.

உன்,
வரதன்