பதில் வரும்வரை நிற்க ஓர் ஆள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதமும் ஆய்வு முன்வரைவும் போன வாரமே கைக்கு வந்துவிட்டன. உடனே பதில் எழுதத்தான் நினைத்தேன். தொடர்ந்து நான்கு நைட் டூட்டி விழுந்ததில் தள்ளிப்போய்விட்டது. என் மகளுக்குப் பதினான்கு முடிந்துவிட்டது, தெரியுமா? அறைக் கதவைச் சாத்திக்கொள்கிற வயது. வார்டில் நான் பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே வயதுதான் என்பதால், அந்தக் கதவுச் சத்தம் கேட்டாலே என் காது அங்கே போய்விடுகிறது. உன் முழங்கால் வலி இப்போது தேவலையா?

சரி, முன்வரைவுக்கு வருகிறேன். வளரிளம் பருவத்தினரின் தற்கொலைத் தடுப்பு ஒரு தலைப்பு, குழந்தைகள் பிரிவு செவிலியரின் பணிச்சோர்வு இன்னொரு தலைப்பு, இரண்டில் ஒன்றை எடு என்று உன் வழிகாட்டி சொன்னதாக எழுதியிருந்தாய். பிரிக்காதே. இருபது வருடம் வார்டில் நின்றவள் சொல்கிறேன், இரண்டும் ஒரே கட்டிலருகில்தான் நடக்கின்றன. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஓர் இரவைப் பற்றி எழுத வேண்டும். உன்னிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

அப்போது வேறொரு மருத்துவமனையில் இருந்தேன். முப்பது கட்டிலுக்கு இரண்டே பேர். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வயிற்று வலி என்று மூன்றாம் முறையாகச் சேர்ந்திருந்தாள். எல்லாப் பரிசோதனையும் சரியாகவே இருந்தது. பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பிள்ளைகளிடமும் அந்த நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் வார்டு விதி. தற்கொலை ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளைக் கண்டறிய அமெரிக்க ஆய்வாளர் லிசா ஹோரோவிட்ஸ் குழுவினர் 2012-இல் வெளியிட்டார்களே, அதே கேள்விகள்தான். செத்துப்போயிருக்கலாம் என்று சில வாரங்களாகத் தோன்றியதா, நீ இல்லாவிட்டால் வீட்டில் நன்றாக இருப்பார்கள் என்று தோன்றியதா, உயிரை விடும் எண்ணம் இந்த வாரம் வந்ததா, இதற்கு முன் முயன்றிருக்கிறாயா. மூன்று மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் 10 முதல் 21 வயது வரையிலான 524 பேரிடம் சோதித்தபோது, நீண்ட வினாப்பட்டியல் ஆபத்தில் இருப்பதாகக் கண்டவர்களில் 97 சதவீதம் பேரை இந்த நான்கே கேள்விகள் பிடித்துவிட்டன. கேட்டு முடிக்க இருபது விநாடி போதும்.

நானும் இருபது விநாடியில் முடித்தேன். கண் கேஸ் ஷீட்டில் இருந்தது. பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தும், அம்மா பக்கத்தில் இருக்கும்போதே கேட்டேன். நான்குக்கும் 'இல்லை' என்றாள். நான்கு டிக் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். தாள் கணக்கில் அவள் பரிசோதிக்கப்பட்டவள்.

விடியற்காலை நாலரை மணிக்கு ட்ரிப் மாற்றப் போனேன். அவள் அம்மா வராந்தாவில் தூங்கிக்கொண்டிருந்தார். பெண் விழித்திருந்தாள். கையில் ட்ரிப் ஏற்றும் வென்ஃப்ளான் ஊசிக்கு மேல் ஒட்டிய பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் கிள்ளிக் கிள்ளி, சின்ன உருண்டைகளாக உருட்டிப் படுக்கை விரிப்பில் வரிசையாக வைத்திருந்தாள். பதினொன்றோ பன்னிரண்டோ இருந்தன. அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அதே கேள்வியை மறுபடி கேட்டேன்.

தலை நிமிராமலே சொன்னாள்: "அப்பவே சொல்லலாம்னு இருந்தேன் சிஸ்டர். நீங்க அவசரத்துல இருந்தீங்க."

அதன்பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். இந்த நிமிடம் அந்த எண்ணம் இருக்கிறதா என்ற ஐந்தாவது கேள்வியைக் கேட்டேன். அவளைத் தனியே விடவில்லை. டாக்டரைக் கூப்பிட்டோம், காலையில் மனநல மருத்துவர் வந்து பார்த்தார். வீட்டிலுள்ள மாத்திரைகளையெல்லாம் பூட்டி வைக்கும்படி அம்மாவிடம் பேசினோம். பல மாதம் ஒழுங்காக ரிவ்யூவுக்கு வந்தாள். ஆனால் அந்த 'அவசரத்துல இருந்தீங்க' இன்னும் என் காதில் இருக்கிறது.

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று புதிய செவிலியர்கள் இன்றும் பயப்படுகிறார்கள். மேட்லின் கூல்டு குழுவினர் 2005-இல் நியூயார்க்கில் 2,342 பள்ளி மாணவர்களைக் கொண்டு இதைச் சோதித்துவிட்டார்கள். தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனை கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டதே சற்று ஆறுதலாக இருந்தது. ஆகவே கேட்பதில் ஆபத்து இல்லை. யார், எந்த நிலையில் நின்று கேட்கிறார் என்பதில்தான் என் கவலை. பதில் சொல்ல மறுத்தாலே அதை 'ஆம்' என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அந்த நான்கு கேள்விகளுக்கான விதிமுறை. மறுப்பதைக் கவனிக்க முகத்தைப் பார்க்க வேண்டும் அல்லவா?

இங்கேதான் பணிச்சோர்வு உள்ளே வருகிறது. கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் தந்த அளவுகோலில் மூன்று கூறுகள்: மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் ஆளாகத் தெரியாமல் போவது, நாம் செய்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தோன்றுவது. எல்லாரும் முதலாவதைப் பற்றியே பேசுகிறார்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் கொடியது. அன்று டூட்டி மாறும்போது ஹேண்டோவரில் அந்தப் பெண்ணை நான் 'பதினேழு' என்று கட்டில் எண்ணால்தான் சொன்னேன். பெயர் வாயில் வரவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்பு பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தையை இழந்திருந்தோம். அரை மணி நேரத்தில் விரிப்பு மாற்றி அடுத்த குழந்தையைப் படுக்க வைத்தோம். அழுவதற்கு ஸ்டோர் ரூம்கூடக் காலியாக இல்லை.

இதற்கெல்லாம் மன உறுதிப் பயிற்சி வகுப்பு நடத்தினால் போதும் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. மூச்சுப் பயிற்சி நல்லதுதான், நானும் செய்கிறேன். ஆனால் லிண்டா ஐக்கன் 2002-இல் காட்டியதை மறந்துவிடக் கூடாது. ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால், அவர் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. அறுவைச் சிகிச்சை நோயாளிகள் முப்பது நாளில் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனமே 2019-இல் பணிச்சோர்வை வேலையிடம் சார்ந்த ஒன்று என்றுதான் வகைப்படுத்தியது, நோய் என்று அல்ல. வேலையிடத்தில் முளைத்ததை வேலையிடத்தில்தான் சரிசெய்ய வேண்டும். உட்கார்ந்து பேச வேண்டும் என்று தெரிந்தும் உட்கார முடியாத வேதனை இருக்கிறதே, அதற்கு 1984-இலேயே ஆண்ட்ரூ ஜேம்டன் 'அறத்துயர்' என்கிற பொருளில் பெயர் வைத்துவிட்டார். உன் வினாத்தாளில் அதற்குக் கட்டாயம் இடம் கொடு.

இன்னொன்றும் கேட்கிறேன். நான்கு கேள்விகள் கேட்கப்பட்டனவா என்று மட்டும் கணக்கெடுக்காதே. அப்போது பெற்றோர் அறையில் இருந்தார்களா, செவிலியர் நின்றாரா உட்கார்ந்தாரா, அந்த ஷிஃப்டில் அவர் கையில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள். அந்த மூன்று விவரங்களையும் 'ஆம்' வந்த எண்ணிக்கையோடு சேர்த்து வைத்துப் பார். அப்புறம் வழிகாட்டியிடம் போ.

வீடு திரும்பிய பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அமெரிக்க மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோவின் ஆய்வைப் படி. மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் இருந்துவிட்டு, தொடர் சிகிச்சை வேண்டாம் என்ற 843 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 'நலமா' என்று விசாரிக்கும் சின்னச் சின்னக் கடிதங்களை ஐந்து வருடம் அனுப்பினார். முதல் இரண்டு வருடம் அவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. அவர்கள் பெரியவர்கள், நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்துமா என்று நீதான் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு நானும் அப்படி இரண்டு வரி எழுத ஆசைப்பட்டேன். அனுமதி கிடைக்கவில்லை.

அன்று இரவு என்னோடு டூட்டி பார்த்தவள் மறு வருடமே வேலையை விட்டுவிட்டாள். உன் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். முதலில் வேண்டாம் என்றவள், நேற்று தானாகவே கூப்பிட்டுப் பேசத் தயார் என்றாள். அவள் எண்ணைத் தனியாக அனுப்புகிறேன். ஞாயிறு பிற்பகல் கூப்பிடு, நிதானமாகப் பேசுவாள். ஒரு மணி நேரமாவது ஒதுக்கி வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி