சிவப்பு பட்டனுக்குமா சந்தா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கார் வாங்குவோருக்கான உங்கள் பகுதியில் கனெக்டட் கார் (நெட் வழியாக மொபைலோடு இணைந்த கார்) வசதிகளைப் பட்டியல் போட்டிருந்தீர்கள். இலவசக் காலம் முடிந்த மறுநாள் என்ன ஆகும் என்பது மட்டும் அதில் விட்டுப்போயிருக்கிறது. எனக்குப் போன மாதம் அது நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

2019இல் ஹூண்டாய் வென்யூ, எம்ஜி ஹெக்டர், கியா செல்டோஸ் என்று வரிசையாக இறங்கியபோதுதான் காருக்குள்ளேயே சிம் வைத்து விற்பது இங்கே பரவ ஆரம்பித்தது. இப்போது பெரும்பாலான கம்பெனிகளில் உண்டு, என்னுடையது எது என்பது முக்கியமில்லை. ஷோரூம் பையன் என் மொபைலில் ஆப்பை ஏற்றி, நின்ற இடத்திலிருந்தே ஏசியைப் போட்டுக் காட்டினான், என் மனைவி அசந்துவிட்டாள். மூன்று வருஷம் ஃப்ரீ சார் என்றான். நாலாவது வருஷத்தைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த மூன்று வருஷத்தில் எதையெல்லாம் தொட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஏசி ஒன்று. மதுரைச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் காய்ந்த வண்டியில் குளிர்ச்சியாக ஏறி உட்காருவது சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் வண்டி பேஸ்மெண்டில் நின்றால் சிக்னல் கிடைக்காமல் ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும், நாம் இறங்கிப் போய், வண்டியை எடுத்து, கேட்டைத் தாண்டிய பிறகு 'முயற்சி தோல்வி' என்று மெசேஜ் வரும். மகன் லைசென்ஸ் எடுத்த புதிதில் வண்டி எங்கே போகிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தேன். அப்புறம் அவனே, "போன் பண்ணிக் கேட்டா சொல்லமாட்டேனாப்பா?" என்றான், விட்டுவிட்டேன். வாயால் சொன்னால் சன்ரூஃப் திறக்கும், திறந்தால் புழுதி. வழி பார்க்க எப்போதும் மொபைல் மேப்தான்.

இதற்கு வருஷத்துக்கு வரியோடு நாலாயிரத்துச் சொச்சம் கேட்டார்கள். தனியாக ராத்திரிப் பயணம் போகிறவர்கள், டிரைவரிடம் வண்டியை விட்டுவைத்திருப்பவர்கள் கட்டட்டும், அவர்களுக்குத் தகும். எனக்கு வேண்டாம் என்று மெசேஜை அழிக்கப் போனபோதுதான் அடியில் பொடி எழுத்து கண்ணில் பட்டது: சிவப்பு பட்டனை அழுத்தி அவசரத்துக்கு ஆளைக் கூப்பிடும் எஸ்ஓஎஸ் உதவியும், ஏர்பேக் விரிந்தால் தானாகத் தகவல் போவதும் சந்தாவோடு நின்றுவிடுமாம்.

என் ஆத்திரமெல்லாம் இதில்தான். ஏசிக்குக் காசு கேள், சன்ரூஃபுக்குக் கேள், இஷ்டமிருந்தால் கட்டுவோம். 2022இல் தென்கொரியாவில் பிஎம்டபிள்யூ, சீட்டைச் சூடாக்கவே மாதம் 18 டாலர் அளவுக்குக் கேட்டு, உலகமே கேலி செய்து, அடுத்த வருஷம் அந்த யோசனையையே கைவிட்டது. சீட் சூடாகாவிட்டால் யாரும் செத்துவிடப் போவதில்லை. அடிபட்டு மயங்கிக் கிடக்கிறவனுக்காக வண்டி பேசுவதும் அதுவும் ஒன்றா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31க்குப் பின் அனுமதி பெறும் புது மாடல் கார்களில் 'ஈகால்' கட்டாயம்: பலமாக மோதினால் காரே 112ஐ அழைத்து இடத்தைச் சொல்லிவிடும், சந்தா கிடையாது. நம் நாட்டு அவசர எண்ணும் அதே 112தான். சிம், மைக், ஜிபிஎஸ் எல்லாவற்றுக்கும் ஷோரூம் விலையிலேயே காசு கொடுத்துவிட்டோம், அந்த ஒரு அழைப்பை மட்டும் திறந்துவைக்க அரசு ஒரு விதி போட்டால் போதாதா?

இன்னொன்று. காசு கட்டினால் நாம் எப்படி ஓட்டுகிறோம் என்பது ரகசியமாக இருக்கும் என்று நம்பவேண்டாம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஆன்ஸ்டார் சேவை மூலம் திரட்டிய ஓட்டும் விவரங்களை விற்று, அது இன்சூரன்ஸ் கம்பெனிகள் வரை போய்ச் சேர்ந்து, 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் தலையிடவேண்டி வந்தது.

புது வண்டி பார்க்கிறவர்கள், ஃப்ரீ எத்தனை வருஷம் என்பதோடு நிறுத்தாமல், முடிந்தால் எதெது நிற்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் கட்டவில்லை. உள்விளக்குக்குப் பக்கத்துச் சிவப்பு பட்டனை இப்போது அழுத்தினால், சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லித் திரையில் எழுத்து ஓடுகிறது. பின்சீட்டில் வரும் என் அம்மாவுக்கு அது வேலை செய்கிறது என்றுதான் இன்னமும் நினைப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை