நார்த்தங்காய் வராத கதை

திருக்காட்டுப்பள்ளி,
ஆகஸ்ட் 3

அன்புள்ள லூர்து,

ஈஸ்டருக்கு "நார்த்தங்காய்", அதுதான் நம் பன்றிக்கறி, அனுப்புகிறேன் என்று மார்தட்டிவிட்டு மூன்று மாதத்துக்கு மேல் வாயே திறக்கவில்லை. நீ இரண்டு முறை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. அப்புறம் "வயலில் இருந்தேன்" என்று புளுகினேன். சித்திரை வெயிலில் எந்த வயலில் எனக்கு என்ன வேலை? நீயும் கேட்டுக்கொண்டாய், பாவம்.

இங்கே எல்லாரும் சுகம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள், குறுவை நட்டாயிற்று. பெரியவன் டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு அலைகிறான். உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா? சரி, விசாரிப்பு முடிந்தது.

நீ போட்டோவைப் பார்த்துவிட்டு "நம்ம வார்டன் மாதிரியே இருக்கு" என்றாயே, அந்த வெண்பன்றிக் குட்டியின் கதைதான். அவிழ்த்து விட்டதே இல்லை, கொட்டிலிலேயே வளர்ந்தது. தவிடு, கஞ்சி, கல்யாண மண்டபத்து மிச்சச் சோறு எல்லாம் கொதிக்கவைத்துத்தான் போடுவேன். எட்டு மாதத்தில் 90 கிலோவைத் தாண்டிவிட்டது. தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள்தான் தவக்காலம் தொடங்கியதுமே "எனக்கு ரெண்டு கூறு" என்று சொல்லிவைத்தார்கள்.

பெரிய வெள்ளிக்கு மறுநாள் விடியற்காலை ஆள் வந்தார். வைக்கோல் போட்டு வாட்டி, சுரண்டி, எட்டு மணிக்குள் கூறு போட்டுக் கொடுத்தாயிற்று. ரத்தமும் குடலும் அன்றைக்கே கேட்டவர்களுக்குப் போய்விட்டன. மிஞ்சியது இரண்டு பின்னந்தொடை, ஒவ்வொன்றும் ஏழு கிலோ. வெட்டிவிடலாம் என்றேன். இவர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து வரும் தம்பி முன்னால் முழுத்தொடையைத் தூக்கிக் காட்டவேண்டுமாம். காட்டிவிட்டு ஒன்றைச் சமைத்து, மற்றதில் உனக்கு அனுப்புவதாக ஏற்பாடு. கேரி பேக்கில் இறுக்கிக் கட்டி, மாவுப் பாத்திரத்தையும் பூவையும் வெளியே எடுத்துவிட்டு, அந்த ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் இரண்டையும் திணித்தோம். கதவு மூடவில்லை. இவர் முழங்காலால் தள்ளி மூடினார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன் லூர்து. அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

ராத்திரி பூசை முடிந்து வந்து படுத்து, ஞாயிறு காலையில் தொடையை எடுத்தேன். மேலே தொட்டால் சில்லென்று இருந்தது. கத்தியை இறக்கினேன். எலும்புப் பக்கம் விரல் வைத்தால் வெதுவெதுப்பு. புளிச்ச வாடை. எலும்பை ஒட்டிப் பச்சை பாய்ந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. மாமியார் ஒரு தரம் முகர்ந்துவிட்டு ஒன்றும் பேசாமல் மண்வெட்டியை எடுத்து இவர் கையில் கொடுத்தார். 14 கிலோவும் தென்னைமரத்தடிக்குள் போயிற்று. எட்டு மாதம் நான் தூக்கின வாளிகளை எண்ணிக்கொண்டு அங்கேயே நின்றேன். தின்னக் கொன்றதைத் தின்னாமல் புதைப்பது தனிப் பாவம்டீ.

இதோடு முடிந்திருந்தால் அன்றைக்கே உன்னிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். கறி இல்லாத பண்டிகை, அவசரச் சாம்பார், தயிர்சோறு. தயிர் ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் மூடாத கிண்ணத்தில் இருந்தது. திங்கள் ராத்திரி கொழுந்தனாரின் சின்னப் பெண்ணுக்கு வாந்தியும் பேதியும். ஆறு வயசு. கண் உள்ளே போய் உதடு வறண்டுவிட்டது. டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். கறியைத்தான் புதைத்துவிட்டோமே, வெறும் தயிர்சோறு என்றேன். வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். நடுத்தட்டின் ஓரத்தில் ரோஸ் நிறத்தில் தண்ணீர் காய்ந்திருந்தது. அதற்கு நேர் கீழேதான் தயிர்க்கிண்ணம் இருந்தது. அதுதான் காரணம் என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். உப்புச் சர்க்கரைக் கரைசலிலேயே இரண்டு நாளில் எழுந்து ஓடினாள், மாதா புண்ணியம். கொழுந்தனார் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அக்கா மகன் ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரியில் படிக்கிறான் இல்லையா, மே மாதம் பூண்டி மாதா திருவிழாவுக்கு வந்தவனைப் பிடித்து உட்காரவைத்துவிட்டேன். அவன் முதலில் செய்தது ஃபிரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர் வைத்ததுதான். 9 டிகிரி! 4-க்கு மேல் போகக்கூடாதாம். உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகை இவர் எப்போதும் 2-லேயே வைத்திருப்பார். கேட்டால், "2 டிகிரிதானே, இன்னும் என்ன குளிர் வேணும்?" என்கிறார். பதினோரு வருஷமாக இந்த மனுஷன் அந்த எண்ணை டிகிரி என்று நம்பிக்கொண்டிருக்கிறார்! எண் கூடினால்தான் குளிர் கூடும். அக்கா மகன் சிரித்த சிரிப்பில் இவர் எழுந்து வயலுக்குப் போய்விட்டார், நிஜமாகவே.

திருகு மட்டும் குற்றவாளி இல்லை. பன்றி உடம்பு நம் உடம்பைவிடச் சூடு, 39 டிகிரி கிட்ட. முழுத்தொடைக்குள் அந்தச் சூடு அறுத்த பிறகும் மணிக்கணக்கில் அடைந்து கிடக்கும். வெளியே குளிர்ந்ததைப் பார்த்து நாம் ஏமாந்துபோகிறோம். அதற்குள் எலும்போரத்தில் கிருமி குடித்தனம் நடத்திவிடுகிறது. இரண்டு சூட்டுப் பொதியைத் திணித்ததில் பெட்டிக்குள் காற்று ஓடவும் வழியில்லை. ஃபிரிட்ஜ் கிருமியைக் கொல்லாது சித்தி, மெதுவாக்கும், அவ்வளவுதான் என்றான். நான் அதைக் கொலைக்களம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

மீன்காரர்கள் செய்வதையே நாமும் செய்யவேண்டுமாம். அறுத்த கையோடு அரைக் கிலோ, ஒரு கிலோ துண்டாக்கி, சுத்தமான பையில் தட்டையாகக் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் உடைத்த ஐஸ்கட்டிக்கு நடுவில் புதைத்து, உள்வரை குளிர்ந்த பிறகுதான் ஃபிரிட்ஜ். அதிலும் மூடி போட்ட பாத்திரத்தில், எல்லாவற்றுக்கும் அடித்தட்டில். கறிக்குக் கீழே ஒரு பொருள் இருக்கக்கூடாது. இதைப் படிக்கும்போது உன் தயிர்க்கிண்ணம் எங்கே இருக்கிறது என்று போய்ப் பார். 4 டிகிரி இருந்தால் துண்டுக்கறி மூன்றிலிருந்து ஐந்து நாள் தாங்கும். ஈரலும் கொத்துக்கறியும் மறுநாளுக்கு மேல் வேண்டாம்.

ஐஸ் அறையில் போட்டால் மாதக்கணக்கில் இருக்கும் என்று நீ சொல்வாய். அது −18 டிகிரி போகிற பெரிய பெட்டிக்கு. எங்கள் வீட்டு ஐஸ் அறை −8-லேயே நின்றுவிட்டது, ஒரு வாரத்துக்கு மேல் நம்பாதே என்றான். பெரிய பெட்டியிலும் பன்றிக்கொழுப்பு நாள்பட்டால் காறல் அடித்துவிடுமாம். உறைந்ததை முதல்நாள் ராத்திரியே கீழ்த்தட்டுக்கு இறக்கி இளகவிடவேண்டும். நீ செய்வாயே, சிங்க்கில் காலையிலிருந்து மத்தியானம் வரை போட்டுவைப்பது, அது கூடாது. கரண்ட் போனால் கதவைத் தொடாதே, மூடியே இருந்தால் நாலு மணி நேரம் தாங்கும். எங்கள் வீட்டில் கரண்ட் போனதும் இவருக்கு முதல் வேலை, குளிர் இருக்கிறதா என்று திறந்து பார்ப்பது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமியார், "நாங்க எதை வெச்சோம்? மத்தியானத்துக்குள்ள கூறு காலி. மிஞ்சினா உப்புக்கண்டம்" என்றார். நிஜம்தான். கொழுப்பை நீக்கி, கயிறு மாதிரி அரிந்து, உப்பும் மஞ்சளும் புரட்டிக் கொடியில் கட்டுவார். ஆனால் அந்தக் காலத்தில் ஈ மொய்த்ததையும் வயிற்றுப்போக்கில் போன பிள்ளைகளையும் அவரே இன்னொரு நாள் சொல்லியிருக்கிறார், அதை அன்றைக்குச் சொல்லவில்லை. அப்புறம் நாடாப்புழு பற்றி நீ எப்போதும் பயப்படுவாய். கண்ட அசிங்கத்தில் மேயாமல் கொட்டிலில் வளர்ந்ததற்கு அந்தப் பயம் குறைவு. அதற்காக வேக்காட்டில் கஞ்சத்தனம் காட்டாதே. என் ஐஸ் அறைக் குளிரை நம்பிப் புழு செத்துவிடும் என்று விடுகிற எண்ணம் எனக்கில்லை, எலும்பு விடும்வரை வேகவைக்கிறேன்.

இதையெல்லாம் எதற்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்று புரிந்திருக்கும். மே கடைசியில் இன்னொரு குட்டி வாங்கிவிட்டேன். இது வார்டன் மாதிரி இல்லை, நம் ஹாஸ்டல் சமையல்காரம்மா மாதிரி, எந்நேரமும் உறுமல். டிசம்பர் 23 காலையில் ஆள் வருகிறார். தொடை துண்டாகத்தான் போகும், இவர் எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டார். ஐஸுக்கும் சொல்லிவைத்தாயிற்று.

நீ 23-ஆம் தேதி மத்தியானத்துக்குள் வந்துவிடு. திண்டுக்கல்லிலிருந்து வரும்போதே மூடி இறுக்கமான பெட்டியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வா, இங்கே கிடைப்பதெல்லாம் ஓட்டை. உன் மாமியாருக்குத்தான் அதற்குள் கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்திருக்குமே, மூடியில் பெரிய எழுத்தில் நார்த்தங்காய் என்று எழுதிவிடு.

அன்புடன்,
செல்வி