விறகை இழுக்கத் தெரிந்தால் போதும்

கோபிசெட்டிபாளையம்
ஆடி மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று பக்கம் மரச்சுவர், ஒரு பக்கம் திறப்பு, முன்னால் கல் அடுக்கிய தீக்குழி. ஸ்டாக்ஹோமிலிருந்து தெற்கே போகும் அந்தச் சோர்ம்லாந்து நடைபாதையில் இப்படிப்பட்ட குடில்கள் நிறைய இருக்கின்றன என்று எழுதியிருந்தாய். நான்கு நாள் நடை, மூன்று பெண்கள், ராத்திரிக்கு வயிறு நிறைய ஒரு சாப்பாடு வேண்டும், பாக்கெட் நூடுல்ஸ் வேண்டாம். "இதை அம்மாவிடம் கேட்காமல் உங்களிடம் கேட்கிறேன், காரணம் உங்களுக்கே தெரியும்" என்று கடைசியில் ஒரு குத்து வேறு.

தெரியும். "வீட்டில் வெந்நீர்கூட வைக்காத மனிதர், மலைக்குப் போனால் நாற்பது பேருக்குச் சமைக்கிறார்" என்று உன் அம்மா சொல்லாத கார்த்திகை மாதம் இல்லை. கேஸ் அடுப்பு எனக்குக் கைவரவில்லை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கொல்லையில்தான் விறகு கிடக்கிறதே என்றாள். அதற்குப் பிறகு நான் பதில் சொல்வதில்லை.

1987இல் நான் சபரிமலைக்குக் கன்னிச்சாமி. மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதச் சேர்ந்த புதிது, வயது 24. எருமேலியில் பேட்டை துள்ளிவிட்டுப் பெரிய பாதையில் நடந்தோம், மொத்தம் 22 பேர். அப்போதெல்லாம் இருமுடியின் முன்கட்டு சாமிக்கு, பின்கட்டு நமக்கு. அரிசி, பருப்பு, அவல், வெல்லம் எல்லாம் பின்கட்டில்தான். குண்டானையும் கரண்டியையும் முறைவைத்துத் தூக்கினோம். அழுதை ஆற்றங்கரையில் முதல் இரவு தங்கினோம். மரத்தடியில் விரி போட்டதும் குருசாமி என்னைப் பார்த்து, "சாமி, அடுப்பு உங்கள் பொறுப்பு" என்றார்.

அழுதையில் குளிக்கும்போது ஆளுக்கு ஒரு கல் எடுத்துப் போய் மேலே கல்லிடும்குன்றில் போடுவது வழக்கம். நான் அதோடு நிற்கவில்லை. ஆற்றுக்குள் வழவழவென்று அழகாகக் கிடந்த மூன்று கல்லை அடுப்புக்கும் சேர்த்துத் தூக்கி வந்தேன். நல்ல மட்டமான கற்கள். குண்டான் ஆடாமல் உட்கார்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து, ஒருவழியாக உலை கொதித்து, அரிசி போட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டப்பென்று வெடி போட்டதுபோல் ஒரு சத்தம். ஒரு கல் இரண்டாகப் பிளந்து, சில்லு ஒன்று என் காதோரம் பறந்தது. குண்டான் சாய்ந்து பாதி அரிசி மணலில் கொட்டியது.

தண்ணீரில் ஊறிக் கிடந்த கல்லுக்குள் நுணுக்கமான துளைகளில் நீர் தங்கியிருக்கும். சூடு ஏறும்போது அது ஆவியாகும். வெளியே வர வழியில்லாவிட்டால் கல்லையே பிளக்கும். எனக்கு இது அன்று தெரியாது. குருசாமிக்குப் பௌதிகம் தெரியாது, ஆனால் விஷயம் தெரியும். "ஆற்றுக் கல் குன்றுக்கு, கரைக் கல் அடுப்புக்கு" என்றார். அவ்வளவுதான், திட்டவில்லை. மிச்சமிருந்த அரைவேக்காட்டு அரிசியில் தண்ணீரை ஊற்றிக் கஞ்சியாக்கி, அப்பளத்தைத் தணலில் சுட்டு 22 பேரும் குடித்தோம். அவர் இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். மறுநாள் காலை கரண்டியையும் என்னிடமே கொடுத்தார். பதினெட்டாம் வருஷம் தென்னங்கன்று கொண்டுபோய் வைக்கிற வரைக்கும் அந்தக் கரண்டி என் கையில்தான் இருந்தது.

நீ போகிற இடத்தில் குழி தயாராக இருப்பதால் உனக்குக் கல் தேடும் வேலை இல்லை. ஆனால் ஏரிக்கரையில் குழி இல்லாத இடத்தில் ஆசை வரும். பாறை மேல் மட்டும் தீ மூட்டாதே. அந்த நாட்டில் மொட்டைப் பாறைமீது தீ வைக்கக் கூடாது என்பது விதி. சூட்டில் வெடித்த பாறை பிறகு எத்தனை ஆயிரம் வருஷமானாலும் ஒன்று சேராது.

இனி விறகு. போதும் என்று தோன்றுகிற அளவுக்கு மூன்று பங்கு பொறுக்கு. தீக்குச்சியைத் தொடுவதற்கு முன்பே பொறுக்கி முடி, நடுவில் ஓடாதே. குடிலில் விறகு அடுக்கி வைத்திருந்தால் நல்லது, அதை நம்பிப் போகாதே. தரையில் உதிர்ந்து கிடப்பதை எடுக்கலாம், உயிருள்ள மரத்தில் கிளை ஒடிக்கவோ பட்டை உரிக்கவோ கூடாது. அங்கே பூர்ச்ச மரம் நிறைய என்றாய் அல்லவா? அதன் வெள்ளைப் பட்டை கீழே விழுந்து கிடந்தால் விடாதே. அதில் எண்ணெய்ப் பசை உண்டு, ஈரமாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். நமக்குத் தென்னம்பாளை எப்படியோ அப்படி. அதன்மேல் ஈர்க்குச்சி கனத்தில் சுள்ளி, அதன்மேல் விரல் கனம், கடைசியில் மணிக்கட்டுக் கனம். அதற்குமேல் பெரிய கட்டை எதற்கு? சமைக்கிறவனுக்கு வேண்டியது தணல். கொழுந்து விட்டு எரிவதைப் பார்த்து மகிழ்வது குளிர் காய்கிறவன் வேலை.

இதில்தான் எல்லாரும் தோற்கிறார்கள். கேஸ் அடுப்பில் திருகுவதற்குக் குமிழ் இருக்கிறது. விறகடுப்பில் விறகுதான் குமிழ். உள்ளே தள்ளினால் தீ கூடும், வெளியே இழுத்தால் குறையும். குண்டானுக்கு அடியில் விறகைத் திணித்துவிட்டுக் கதை பேசப் போனால் அடியில் கரி, மேலே பச்சரிசி. ஊதவும் அவசரப்படாதே. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் அடுப்பின் வாயைத் திறந்து வை, காற்றே ஊதிக்கொள்ளும்.

சரி, சாப்பாடு. நம் ஊர் அரிசியும் பருப்பும் சாதம்தான். வேறு எதையும் யோசிக்காதே. ஒரே பாத்திரம், கறி வேண்டாம், குழம்பு வேண்டாம், அடிவயிறு வரைக்கும் நிற்கும். மாலை போட்டிருக்கும்போது வெங்காயம் பூண்டு இல்லாமல் செய்வோம். உனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

மூன்று பேருக்கு அளவு சொல்கிறேன். நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் 200 மில்லி என்று வைத்துக்கொள். அரிசி இரண்டு டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர், தண்ணீர் எட்டு டம்ளர். பாத்திரம் நான்கு லிட்டருக்குக் குறையக் கூடாது, இல்லாவிட்டால் பொங்கித் தீயை அணைத்துவிடும். பருப்பு திறந்த பாத்திரத்தில் வேகாது என்று பயப்படுவாய். மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் அதைக் கழுவி, வாய் அகன்ற பாட்டிலில் தண்ணீரோடு போட்டுப் பையில் வைத்துக்கொள். நீ நடக்க நடக்க அது ஊறும். நாங்கள் தூக்குவாளியில் இப்படித்தான் ஊறப்போட்டுக் கரிமலை ஏறினோம். துவரை கிடைக்கவில்லையென்றால் அங்கே கடைகளில் ஆரஞ்சு நிறத்தில் மைசூர்ப் பருப்பு விற்குமே, அது ஊறாமலே கால் மணியில் வெந்துவிடும். ருசி ஒரு படி குறைவு, அவ்வளவுதான்.

கிளம்பும் முன்பே கடுகு, சீரகம், நான்கு வரமிளகாய், காய்ந்த கறிவேப்பிலை எல்லாம் ஒரு பொட்டலம். சாம்பார்ப்பொடி இரண்டு தேக்கரண்டி, மஞ்சள்தூள், பெருங்காயம், இரண்டு தேக்கரண்டி உப்பு இன்னொரு பொட்டலம். இருட்டில் டப்பா டப்பாவாகத் திறந்து தேடாதே. பாத்திரத்தின் வெளிப்பக்கம் அடியில் கொஞ்சம் சோப்பைக் குழைத்துப் பூசிவிட்டு அடுப்பில் ஏற்று. உன் பாட்டி மண் பூசுவாள். கரி பூச்சோடு கழன்று வந்துவிடும், தேய்த்துச் சாக வேண்டாம்.

நெய் மூன்று கரண்டி தாராளமாக ஊற்று. நடந்த உடம்பு கேட்கும். முதல் பொட்டலத்தைத் தாளித்து, ஒரு கை சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, ஒரு கை நிலக்கடலை வதக்கு. எட்டு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் (ஊறவைத்த நீரும் அந்தக் கணக்கில்தான்) கொதித்ததும் பருப்பை மட்டும் போடு. தக்காளி அப்போது வேண்டாம். புளிப்பு சேர்ந்தால் பருப்பு விறைத்துக்கொள்ளும், எத்தனை விறகு வைத்தாலும் வேகாது. இருபது நிமிஷம் கழித்து ஒரு பருப்பை விரலால் நசுக்கிப் பார். மசிந்தால் களைந்த அரிசி, தக்காளி, இரண்டாவது பொட்டலம். நன்றாக ஒரு முறை கிண்டு. அதுதான் கடைசிக் கிண்டல். தண்ணீரும் அரிசியும் சரிமட்டமாக வந்து, மேலே குழி குழியாகத் தெரியும்போது விறகு அத்தனையும் வெளியே இழு. தணலைப் பரப்பு. மூடி, மூடிமேலும் நாலு கங்கு வை. கால் மணி நேரம் யாரும் திறக்கக் கூடாது. அந்தக் கால் மணியில் மூன்று அப்பளத்தைத் தணலில் சுடு. ஒரு பக்கம் இரண்டு எண்ணிக்கை, திருப்பி இரண்டு எண்ணிக்கை, மூன்று எண்ணினால் கரி.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கிளம்புகிற அன்று காலை அந்தப் பகுதியில் தீத் தடை இருக்கிறதா என்று பார். காடு காய்ந்திருந்தால் அங்கே தடை போடுவார்கள். போட்டால் போட்டதுதான், "ஒரு சின்ன அடுப்புதானே" என்று பேசாதே. நம் ஊரில் காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது 1882ஆம் வருஷத்துச் சட்டப்படியே குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள். உன்னைப்போல வார இறுதியில் நடக்கப் போன பிள்ளைகள். அந்தச் செய்தியை நானும் அம்மாவும் டிவியை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். தடை என்றால் அவலை நனைத்து வெல்லமும் தேங்காய்த் துருவலும் போட்டுச் சாப்பிட்டுப் படு. அவல் அரைக் கிலோ எப்படியும் பையில் இருக்கட்டும்.

தீ மூட்டினால் அணைப்பதும் உன் வேலை. தண்ணீர் ஊற்று, குச்சியால் கிளறு, மறுபடி ஊற்று. குருசாமி காலையில் கிளம்பும்போது சாம்பலுக்குள் கையை விட்டுப் பார்ப்பார். குளிர்ந்திருந்தால்தான் இருமுடி தலைக்கு ஏறும். பம்பையில் மட்டும் வேறு கதை. அங்கே எல்லாரும் பெரிய விருந்து சமைத்துச் சாப்பிட்டு, அடுப்புச் சாம்பலில் கொஞ்சம் எடுத்து வருவோம். சாமி அறையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறதே, திருநீறு என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய், அது அந்தச் சாம்பல்தான்.

உன்னை 2003இல் அழைத்துப் போனேன், உனக்கு எட்டு வயது. சின்னப் பாதை. வழியெல்லாம் ஓட்டல் இட்லி. "அப்பா, நீங்கள் சமைக்கவே இல்லையே" என்று பம்பையில் கேட்டாய். நேரமில்லை கண்ணு என்றேன். நேரம் இருந்தது. உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படி அடுப்பைப் பார்ப்பது என்று பயம். அடுத்த வருஷம் பெரிய பாதையில் என்னோடு வருவதாகச் சொன்னாய். எனக்கு அது பதினெட்டாம் வருஷம், கூட்டமாகப் போனோம், உன்னை விட்டுவிட்டுப் போனேன். அதற்கடுத்த வருஷம் உனக்குப் பத்து முடிந்துவிட்டது.

மேலே எழுதிய அளவெல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதியது என்று நினைக்காதே. நாற்பது பேருக்குப் படி கணக்கில் செய்தவனுக்கு மூன்று பேர் அளவு எப்படித் தெரியும்? இன்று சாயங்காலம் மொட்டை மாடியில் மூன்று செங்கல் வைத்துச் செய்து பார்த்தேன். காய்ந்த செங்கல்தான், கவலைப்படாதே. மட்டையும் பாளையும் போட்டு எரித்ததில் புகை பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் ஏறி, அந்த அம்மாள் மாடிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். உன் அம்மா தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் விறகை இழுப்பதையும் தள்ளுவதையும் வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

உப்பு கொஞ்சம் குறைவாம். இரண்டு தேக்கரண்டி என்று எழுதியிருப்பதை இரண்டரை என்று திருத்திக்கொள்.

அன்புடன்,
அப்பா