ஹேக்கெட் வெட்டியது பதுங்குகுழி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றவர்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், முதல் உலகப்போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர் வில்லியம் ஹேக்கெட் ‘பதுங்குகுழி தோண்டும்போது குண்டு விழுந்து மண்ணில் புதைந்தார்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அவர் இருந்தது பதுங்குகுழியில் அல்ல. வடபிரான்சின் ஜிவான்ஷியில், தரைக்குக் கீழே சுமார் 40 அடி ஆழத்தில், ஜெர்மானியர் வரிசையை நோக்கி வெட்டப்பட்டுவந்த சுரங்கத்தில் இருந்தார். எதிரி நிலைகளுக்கு அடியில் சுரங்கம் வெட்டி வெடி வைப்பதற்கென்றே இருந்த பிரிட்டிஷ் ராணுவப் பிரிவுகளில் ஒன்றான 254-வது சுரங்கக் கம்பெனியைச் சேர்ந்தவர். வயது 43; இருபது வருடத்துக்கு மேல் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். வயதாகிவிட்டது என்று காலாட்படை அவரை மூன்று முறை திருப்பி அனுப்பியது. சுரங்கக் கம்பெனிக்கு வேண்டியிருந்ததோ அந்த அனுபவம்தான்.

இந்தக் கம்பெனிகள் உருவானதில் இந்தியச் சிப்பாய்களுக்கும் தொடர்பு உண்டு. 1914 டிசம்பர் 20 அன்று இதே ஜிவான்ஷி பகுதியில், இந்தியப் படைப்பிரிவு நின்ற நிலைகளுக்கு அடியில் ஜெர்மானியர் தலா 50 கிலோ வீதம் பத்து வெடிகளை வைத்து வெடித்தார்கள். பதிலடி கொடுக்க பிரிட்டிஷ் ராணுவத்திடம் ஆள் இல்லை. நார்ட்டன் கிரிஃபித்ஸ் என்ற ஒப்பந்ததாரர், மான்செஸ்டரில் சாக்கடைச் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்தவர்களை 1915 பிப்ரவரியில் நேராகப் போர்முனைக்கே கொண்டுபோனார்.

அவர்கள் கொண்டுவந்த வேலைமுறையைக் கட்டுரை தொடவே இல்லை. கோலார் தங்கச் சுரங்கத்தில் எங்களைப் போலப் பாறையில் துளை போட்டு வெடி வைத்த ஆட்களுக்கு அது முதலில் விளங்காது. அங்கே இருந்தது களிமண். கடப்பாரை, பிக்காசு போட்டால் சத்தம் எதிரிக்குப் போய்விடும். அதனால் வெட்டுபவர் சுமார் 45 பாகை சாய்ந்த பலகையில் முதுகைச் சாய்த்து, கால்கள் மண்முகத்தைப் பார்க்கப் படுத்துக்கொள்வார். குறுகிய மண்வெட்டியை இரண்டு பாதங்களாலும் அழுத்தி மண்ணைப் பெயர்ப்பார். இரண்டாமவர் அதைச் சாக்கில் அள்ள, மூன்றாமவர் ரப்பர் சக்கர வண்டியில் வைத்து இழுத்துப்போவார். சுமார் 9 அங்குலம் வெட்டியதும் ஒரு மரச்சட்டம் நிற்க வேண்டும். ஆணி கிடையாது, சுத்தியலும் கிடையாது. சட்டத்தின் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி வைத்தால், ஊறிப் பருக்கும் களிமண்ணே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உள் அளவு ஏறக்குறைய 120 செ.மீ. உயரம், 80 செ.மீ. அகலம்; நிமிர்ந்து நிற்க வழியில்லை.

எதிரி எங்கே வெட்டுகிறான் என்று அறிய ஜியோஃபோன் இருந்தது. மைக்கா தகடுகளுக்கு நடுவே பாதரசம் அடைத்த இரண்டு வட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு காதுக்குக் குழாய். இரண்டு காதிலும் சத்தம் சமமாகக் கேட்கும்வரை வட்டை நகர்த்திவிட்டு, திசைகாட்டி வைத்துப் பார்த்தால் சத்தம் வரும் திசை தெரியும். தூரத்தை மட்டும் கேட்பவரின் பழக்கம்தான் சொல்ல வேண்டும். வேலை நடக்கும் சத்தம் கேட்பது அவ்வளவு மோசமில்லை. அது திடீரென்று நின்றுவிட்டால் வெடிமருந்து ஏற்றுகிறார்கள் என்று பொருளாகலாம். வெடித்த பிறகு கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சுரங்கத்தில் தங்கும். நிறமும் மணமும் இல்லை. சோதித்துப் பார்க்கக் கேனரிக் குருவியும் வெள்ளைச் சுண்டெலியும் கொண்டுபோனார்கள்.

1916 ஜூன் 22, அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன் ஜெர்மானியர் பெரிய வெடியொன்றை வெடித்தார்கள். மேலே ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்ஸ் படையில் ஒரு கம்பெனியின் பெரும்பகுதி அழிந்தது. கீழே ஹேக்கெட்டோடு நால்வர் சிக்கினர். மீட்பாளர்களும் உள்ளே இருந்தவர்களும் இருபக்கமிருந்து தோண்டி, 20 மணி நேரம் கழித்து உடைந்த மரத்துக்கும் சரிந்த மண்ணுக்கும் நடுவே ஒரு துவாரம் கண்டார்கள். மூவரை ஹேக்கெட் அதன் வழியே வெளியேற்றினார். நான்காமவருக்குப் பலத்த காயம். ஊர்ந்து வெளியேற ஒருவர் தானே உடம்பை வளைத்து நெளிக்க வேண்டும். அசையவே முடியாதவரை இழுப்பதற்கு அகலமான வழி வேண்டும். அகலப்படுத்தவும் முடியாது. வெடியில் நொறுங்கிய மண்ணுக்குப் பிடிப்பு போய்விடும். ஒரு சாக்கு எடுத்தால் மேலிருந்து அதற்கு மேலேயே இறங்கும். முட்டுக் கொடுக்கலாம் என்றால் முட்டு நிற்கத் திடமான தரையோ பக்கமோ இல்லை. துவாரம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஹேக்கெட் வெளியேற மறுத்துக் காயம்பட்டவரோடு இருந்தார், சுரங்கம் இடிந்தது. நான்கு நாள் தோண்டியும் இருவரையும் எட்ட முடியவில்லை. சரியும் மண்ணின் குணம் நன்றாகத் தெரிந்தே அவர் தங்கினார் என்று விருது அறிவிப்பு சொல்கிறது. குண்டு விழுந்து ஒரு நொடியில் இறந்தார் என்று எழுதினால் அந்தத் தெரிந்த முடிவு முழுவதும் மறைந்துபோகிறது.

இன்னொரு திருத்தம். கட்டுரையில் சொன்னதுபோல் அவருக்கு ஜிவான்ஷியில் கல்லறை இல்லை. இருவர் உடலும் இன்னும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கின்றன. ஹேக்கெட்டின் பெயர் பெல்ஜியத்தின் புளோக்ஸ்டேர்ட் நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. ஜிவான்ஷியில் இருப்பது சுரங்க வீரர்களுக்காக 2010 ஜூனில் திறக்கப்பட்ட தனி நினைவுக்கல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்கள் சிலர்,
கோலார் தங்கவயல்.