கிரேக்க உடை என்றால் வெள்ளைத் துணி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த பாலே உடைகள் பற்றிய கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் கிரேக்கக் கலையைப் பார்த்து வடிவமைத்த உடை என்றாலே தோளிலிருந்து வழியும் வெறும் வெள்ளைத் துணிதான் என்ற தொனியில் அது போவதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அதற்குச் சான்றாகப் போட்டிருந்த படமோ 1912இல் பாரிஸில் அரங்கேறிய ‘ஃபானின் பிற்பகல்’ பாலே (ஃபான் என்றால் பாதி மனிதன், பாதி ஆடாக இருக்கும் வனதேவன்). கறுப்பு வெள்ளைப் படத்தில் வேறு என்ன நிறம் தெரியும்!

அதில் வரும் வனதேவதைகளுக்கு உடை வடிவமைப்பாளர் லியோன் பாக்ஸ்ட் கொடுத்தது நெருக்கமாகக் கொசுவிய மெல்லிய துணி. அடித்துணி வெளிர் நிறம்தான், சரி, ஆனால் அதன் ஓரங்களில் கிரேக்கச் சாடிகளில் இருப்பது போன்ற வண்ண வேலைப்பாடு ஓடும். முந்தைய ஆண்டு ‘நார்சிஸ்’ பாலேவுக்கு அவர் வரைந்ததைப் பார்த்தால் நிறங்கள் இன்னும் தூக்கல். 1907இல் ஓவியர் செரோவோடு கிரேக்கம் போய், அப்போது தோண்டிக்கொண்டிருந்த கிரீட் தீவின் நோசாஸ் அரண்மனை வரை பார்த்துவிட்டு வந்த மனிதர் அவர். பளிங்குச் சிலைகளே ஆதியில் வர்ணம் பூசியவைதான். ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் உள்ள பெப்லாஸ் என்ற கிரேக்க உடையின் பெயரால் அழைக்கப்படும் பெண் சிலையில் அந்த வர்ணத்தின் மிச்சம் இன்றும் தெரிகிறது.

அப்புறம், கட்டுரை தொடாத ஒரு விஷயம். கிரேக்கரின் உடை பெரும்பாலும் வெட்டாத நீள்சதுரத் துணி, தோளில் ஊசி குத்தி இடுப்பில் கட்டினால் முடிந்தது. அதையே போட்டுக்கொண்டு பாலேயில் சுழன்றால் துணி காலைச் சுற்றிக்கொள்ளும். ‘ஃபானின் பிற்பகல்’ பாலேயை அமைத்து, ஃபானாகவும் ஆடிய நிஜின்ஸ்கியின் நடன அமைப்பில் அந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அதில் சுழற்சி கிடையாது, தாவல்கூட ஒன்றே ஒன்றுதான், மற்றபடி சாடி ஓவியம் மாதிரி மார்பு முன்னோக்கியும் தலையும் காலும் பக்கவாட்டிலுமாக நடக்கிறார்கள், கொசுவம் கலையாமல் நேராக நிற்கிறது. உடைக்கு ஏற்ற அசைவு, அசைவுக்கு ஏற்ற உடை! இதற்குச் சில ஆண்டுகள் முன்னால் நடன அமைப்பாளர் ஃபோகினின் ‘யூனிஸ்’ பாலேயில், வெறுங்காலோடு ஆட அனுமதி இல்லாததால், இறுக்கமான காலுறை மேல் கால்விரல்களை வரைந்துகொண்டு ஆடியிருக்கிறார்கள். கட்டுரையில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

நிஜின்ஸ்கிக்காக பாக்ஸ்ட் வரைந்த ஃபான் ஓவியம் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வாட்ஸ்வொர்த் அத்தீனியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முறையாக அனுமதி வாங்கி அடுத்த இணைப்பில் அதை வண்ணத்தில் போடுங்கள், படத்துக்குக் கீழே வடிவமைப்பாளர் பெயரையும் சேர்த்து. இந்த முறை அதுவும் விட்டுப்போயிருந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகி